பேமென்ட் சக்சஸ்னு வந்துட்டா காசு நம்மளோடது ஆயிடாதுங்க

போன வாரம் ராத்திரி பதினொன்ரை மணி இருக்கும், எங்க தெரு பையன் ஒருத்தன் போன் பண்றான். "அண்ணா, ஃபாரின் ஆர்டர்ணா, ஒரே ஆர்டர்ல ஒன்றரை லட்சம், காலைல மொத வேலையா கூரியர் போட்றவா?" குரல்லயே சந்தோஷம் வழியுது, எனக்கு வயித்த கலக்கிருச்சு. ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி இதே மாதிரி குதிச்சு, ரெண்டு மாசம் கழிச்சு தலைல துண்டப் போட்டுட்டு உக்காந்தவன் நான்.

இளம்பிள்ளைல சேலை ஆன்லைன்ல விக்கறேன். ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க, தெரியாத லிங்க்க தொடாதீங்கன்னெல்லாம் இங்க எழுதப்போறதில்ல, அத கேட்டுக் கேட்டு காதே புளிச்சுப்போச்சு. கடை வெச்சிருக்கறவங்க பக்கம் நடக்கற தப்பு மட்டும் சொல்றேன்.

ஸ்கிரீன்ஷாட்ட பாத்து சரக்கு குடுக்கறது

அக்கவுண்ட்ட பாருங்க. அவ்ளோதான்.

பேமென்ட் சக்சஸ்னா காசு வந்துருச்சுன்னு நம்பறது

இதத்தான் கொஞ்சம் நீட்டி சொல்லணும், இன்னைக்கு நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

எனக்கு வந்தது 14 சாஃப்ட் சில்க், மொத்தம் 1,12,000 ரூபா, அமெரிக்கா ஆர்டர். ஒரே டிசைன், ஒரே கலர், பதினாலு. இப்ப யோசிச்சுப் பாருங்க, நம்ம பொம்பளைங்க அமெரிக்கால இருந்தா என்ன ஆத்தூர்ல இருந்தா என்ன, எட்டாயிரம் ரூபா சேலைய ஒண்ணும் கேக்காம வாங்குவாங்களா? போட்டோல இருக்கற அதே மஞ்சளா இல்ல நேர்ல வெளுப்பா தெரியுமா, முந்திய வீடியோல காட்டுங்க, ப்ளவுஸ் பிட் சேந்தே வருதா, ஃபால்ஸ் அடிச்சு குஞ்சம் கட்டித் தருவீங்களா, ரெண்டு எடுத்தா எவ்ளோ கொறைப்பீங்கன்னு உயிர எடுத்துட்டுதான் கார்டயே வெளிய எடுப்பாங்க. அந்த ஆளு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ட்ராக்கிங் நம்பர் எப்ப வரும்.

கேட்வே, அதான் கஸ்டமர் கார்டுல கட்டற காச வாங்கி நமக்கு அனுப்பற கம்பெனி, அதோட டேஷ்போர்டுல இன்னும் அழகு. மூணு தடவ ஃபெயில், நாலாவது சக்சஸ், நாலும் வேற வேற கார்டு, கடைசி நாலு நம்பர் ஒண்ணும் சேரல, எல்லாம் ஏழு நிமிஷத்துக்குள்ள. நான் பாத்தேன். பாத்துட்டு என்ன நெனச்சேன் தெரியுமா, 'பாவம், கார்டுல லிமிட் இல்ல போல'ன்னு. திருடனுக்கு பரிதாபப்பட்ட ஒரே யாவாரி நானாத்தான் இருப்பேன்.

டெலிவரி அட்ரஸ் டெலவேர்ல ஒரு குடோன். அந்த ஸ்டேட்ல சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, அதனால பார்சல வாங்கி வேற நாட்டுக்கு திருப்பி அனுப்பற கம்பெனிங்க அங்க நெறைய. நல்லவங்களும் அத யூஸ் பண்றாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா பில்லிங் அட்ரஸ் ஒரு ஊரு, டெலிவரி ஒரு குடோன், கார்டுல ஒரு பேரு, மெயில்ல ஒரு பேருன்னு எல்லாம் கூட்டமா வந்தா சரக்க அனுப்பாம கைய கட்டிட்டு உக்காந்துரணும்.

நாம ஏன் ஏமாறுறோம்னா, இங்க 2009லருந்து உள்நாட்டுக் கார்டுக்கு ஆன்லைன்ல ரெண்டாவது பூட்டு ஒண்ணு கட்டாயம், அதான் இப்ப ஓடிபியா வருது, அந்த பழக்கத்துல கார்டு ஓடிருச்சுன்னா ஆளும் சரியான ஆளுதான்னு நம்பிடறோம். வெளிநாட்டுக் கார்டு பலதுல நம்பர், எக்ஸ்பைரி, சிவிவி (பொதுவா கார்டு பின்பக்கம் இருக்கற மூணு நம்பர்) இருந்தா போதும், வேல முடிஞ்சுரும். அப்புறம் கார்டோட நெஜ சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட்ட பாத்துட்டு 'இது நான் இல்ல'ன்னு அவர் பேங்க்ல சொல்வார், அந்த பேங்க் விசா, மாஸ்டர்கார்டு வழியா காச திருப்பிக் கேக்கும், நம்ம கேட்வே அடுத்து நமக்கு அனுப்பற காசுல கழிச்சுட்டு தகவல் மட்டும் சொல்லும். இதான் சார்ஜ்பேக். இதுக்கு பொதுவா 120 நாள் வரைக்கும் டைம் இருக்கு. எனக்கு 58வது நாள் வந்துச்சு, சரியா தீபாவளி வசூல்ல கைய வெச்சாங்க, அதுக்கு மேல ஒரு ஃபீஸ் வேற.

கூரியர் ரசீது, டெலிவரி கையெழுத்து, மெயில் எல்லாத்தையும் ப்ரூஃபா போட்டேன், தோத்துட்டேன். சரக்கு போய் சேந்துச்சுன்னு நான் நிரூபிச்சேன், அவங்க கேட்டதோ கார்டுக்காரர் வாங்கினாரான்னு. அதுக்கு எங்கிட்ட ஏது பதில்.

கேட்வேல 3டி செக்யூர்னு ஒண்ணு இருக்கு, ஃபாரின் கார்டா இருந்தாலும் அந்த பேங்க் ஆள செக் பண்ணித்தான் விடும். அப்படி பாஸ் ஆகி வந்த பேமென்ட்ல 'நான் பண்ணல'ன்னு தகராறு வந்தா நஷ்டம் பெரும்பாலும் கார்டு குடுத்த பேங்க் தலைல. நான் அத ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன், ஏன்னா அது இருந்தா கஸ்டமர் பாதில விட்டுட்டு போயிருவாங்கன்னு ஒரு யூடியூப் அண்ணன் சொன்னாரு. பதினாலு சேலைக்கு அவரா காசு குடுத்தாரு?

அந்தப் பையன்கிட்ட ஒண்ணுதான் சொன்னேன், 'நீங்க கேட்ட கலர் ஸ்டாக் இல்ல, என்ன கலர் வேணும்'னு மெயில் போடுடான்னு. ரெண்டே நிமிஷத்துல பதில், எந்த கலரா இருந்தாலும் பரவால்ல, நாளைக்கே அனுப்புங்கன்னு. அந்தக் கார்டுக்கே ரீஃபண்ட் போட வெச்சேன். மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் பேசல.

வேற அக்கவுண்டுக்கு ரீஃபண்ட்

எந்தக் கார்டுலருந்து வந்துச்சோ அதே கார்டுக்கு, டேஷ்போர்டு வழியா. 'அந்த கார்டு க்ளோஸ் பண்ணிட்டேன்'னு சொன்னா இன்னும் உஷாராகுங்க.

சார்ஜ்பேக் ஓடும்போது தனியா ரீஃபண்டும் பண்றது

ரெண்டு தடவ காசு போகும்.

கார்டு நம்பர எழுதி வெக்கறது

ஆரம்பத்துல மலேசியாலருந்து ஒரு அக்கா, லிங்க்கெல்லாம் எனக்கு வராது தம்பின்னு கார்டு முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. நானும் அடுத்த தடவைக்கு ஆகும்னு கோடு போட்ட நோட்டுல சிவிவியோட சேத்து எழுதி வெச்சேன், மேல 'அக்கா – மாம்பழ பார்டர்'னு தலைப்பு வேற. பேமென்ட் முடிஞ்சப்புறம் சிவிவிய யாரும் எங்கயும் வெச்சுக்கக் கூடாதுங்கறது கார்டு கம்பெனிங்க ரூல். 2022 அக்டோபர்லருந்து நம்ம ஊரு கடைங்க முழு கார்டு நம்பரையே சேமிக்கக் கூடாதுன்னு ஆர்பிஐ, நம்பருக்கு பதிலா ஒரு மாத்துக் குறியீட்ட வெச்சுக்கற டோக்கன் முறைய கொண்டு வந்துருச்சு. யாராவது போட்டோ அனுப்பினா அழிச்சுட்டு, அவங்களயும் அழிக்கச் சொல்லிட்டு, பேமென்ட் லிங்க் அனுப்பி, அவங்க வீட்டுப் பசங்கள வெச்சு கட்டச் சொல்லுங்க. நோட்ட வெந்நீர் அடுப்புல போட்டேன்.

எவ்ளோ வேணா கட்டலாம்னு பேஜ் விடறது

ஒரு நாள் காலைல பாத்தா முந்நூறு சொச்சம் ட்ரை, எல்லாம் ஒரு டாலர். திருடின கார்டு உயிரோட இருக்கான்னு நம்ம கடைல வெச்சு செக் பண்றானுங்க. மினிமம் தொகை வைங்க, மனுஷனா மெஷினான்னு செக் பண்ற கேப்ட்சா போடுங்க, ஒரு ஆளு இத்தன தடவைதான் ட்ரை பண்ணலாம்னு கட்டுங்க.

சொந்தக் கார்டுல ஓட்ட விழுந்தா திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு இருக்கறது

என் வொய்ஃப் கார்டுல ஒரு சனிக்கிழமை ராத்திரி தெரியாத வெளிநாட்டு சைட்ல 9,000 ரூபா போச்சு. ஆப்ல இன்டர்நேஷனல்ங்கற சுவிட்ச்ச ஆஃப் பண்ணாம விட்டது எங்க தப்பு. ஆனா அப்பவே போன் பண்ணி ப்ளாக் பண்ணிட்டோம். 2017 ஜூலைல ஆர்பிஐ போட்ட சர்குலர்படி, நம்ம பக்கமும் பேங்க் பக்கமும் தப்பில்லாம வெளில எங்கயோ நடந்த திருட்டுன்னா 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு நஷ்டம் கிடையாது, 4லருந்து 7 நாள்னா ஒரு அளவு வரைக்கும் நம்ம தலைல, அதுக்கு மேல பேங்க் வெச்சதுதான் சட்டம். ஓடிபிய நாமளே குடுத்திருந்தா சொல்ற வரைக்கும் போனது போனதுதான். சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கும் ஒரு போன் போடுங்க. எல்லாத்துக்கும் மேல, கஸ்டமர் கேர்ல கம்ப்ளெயின்ட் நம்பர் எஸ்எம்எஸ்ல வந்து சேர்ற வரைக்கும் லைன கட் பண்ணாதீங்க, நாங்க நாப்பது நிமிஷம் அந்த பாட்டயே கேட்டுட்டு உக்காந்திருந்தோம்.