லண்டனில் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுத்து வீட்டில் படிப்பிக்க: கடிதம் எழுதுகிற முறை

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குத் தங்கச்சி குடும்பத்தோடு லண்டனிலிருந்து வந்து நின்றாள். கொடியேறி மூன்றாம் நாள், பெறாமகன் முற்றத்து மாமரத்தடியில் வைத்து என்னிடம் சொன்னான்: "பெரியம்மா, நான் திரும்ப அந்தப் பள்ளிக்கூடம் போகமாட்டன்." ஒன்பது வயது. ஒரு வருடமாகக் காலையில் வயிற்றுவலி, ஞாயிறு இரவென்றால் சத்தி. வீட்டில் வைத்துப் படிப்பிப்பது என்று தாயும் தகப்பனும் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். கடிதம்தான் பாக்கி. "அக்கா, நீங்கள் இங்கிலீஷ் ரீச்சர்தானே, ஒண்டு எழுதித் தாங்கோ" என்றாள்.

இருபது நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பெரிய பிழை விட்டேன். அதே பிழையை நீங்களும் விடாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு. வீட்டுக்கல்வி நல்லதா கூடாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. முடிவெடுத்துவிட்ட பெற்றாருக்கும், ஊரில் இருந்துகொண்டு அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிற என்னைப் போன்ற அக்காமாருக்கும் இது உதவும்.

எழுத முந்திப் பார்க்க வேண்டியது

எங்கள் சனத்துக்கு முழுப் பிரித்தானியாவும் "லண்டன்"தான். கிளாஸ்கோவில் இருப்பவரையும் லண்டனில் இருக்கிறார் என்போம். இந்த விஷயத்தில் அது சரிவராது. நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்தில் அரச பாடசாலையிலிருந்து பிள்ளையை எடுக்க உள்ளூராட்சிக் கவுன்சிலின் சம்மதம் வேண்டும். வேல்ஸ், வட அயர்லாந்துக்கு வேறு விதிகள்.

இங்கிலாந்துக்குள்ளும் இரண்டு விதிவிலக்கு. கவுன்சில் ஏற்பாடு செய்து பிள்ளை விசேட தேவைப் பாடசாலையில் படித்தால், கவுன்சிலின் சம்மதம் இல்லாமல் எடுக்க ஏலாது. (சாதாரண பாடசாலையில் படிக்கிற பிள்ளைக்கு விசேட தேவைத் திட்டம் இருந்தால் அதற்காகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை.) மற்றது, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பு என்று கவுன்சில் ஏற்கெனவே கட்டளை பிறப்பித்திருந்தால், முதலில் அதைத் தீர்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தங்கச்சி கேட்டாள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. வயதுக்கும் ஆற்றலுக்கும் தகுந்த முழுநேரக் கல்வியைப் பிள்ளைக்குக் கிடைக்கச் செய்வது பெற்றாரின் கடமை. அது பாடசாலை மூலமாகவோ வேறு வகையிலோ இருக்கலாம். அந்த "வேறு வகை"தான் வீட்டுக்கல்விக்கு வழிவிடுகிறது. தேசிய பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை, ஆசிரியர் தகைமை வேண்டியதில்லை, மணியடித்து நேரசூசி போட வேண்டியதும் இல்லை. ஆனால் செலவு முழுக்க உங்களுடையது. பிற்காலத்தில் ஜி.சி.எஸ்.ஈ. (எங்கள் சாதாரண தரம் மாதிரியான பரீட்சை) எடுப்பதென்றால் அந்தக் கட்டணமும்தான்.

கடிதம்: நான் இடறி விழுந்த இடம்

இருபது வருடமாகச் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் படிப்பிக்கிறேன். கை தானாகவே போனது: "எனது மகனைப் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொள்ளத் தங்களது மேலான அனுமதியைத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்." ஆங்கிலத்தில் "ஐ கைன்ட்லி ரிக்வெஸ்ட் யுவர் பெர்மிஷன்". கச்சேரிக்கு எழுதினாலும் வங்கிக்கு எழுதினாலும் நாங்கள் இப்படித்தானே தொடங்குவோம்.

ஓகஸ்ட் கடைசிக் கிழமை இங்கிருந்தே மின்னஞ்சலில் அனுப்பினோம். பாடசாலை விடுமுறை, பதில் இல்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள். செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பாடசாலை தொடங்கியது. அன்று எனக்குப் பின்னேரம் இரண்டு மணி, அங்கே காலை ஒன்பதரை. வட்ஸ்அப்பில் தங்கச்சி ஒரு படம் அனுப்பினாள்: "உங்கள் மகன் இன்று சமுகமளிக்கவில்லை" என்று பாடசாலைக் குறுஞ்செய்தி. புதனும் வந்தது. வியாழன், கடிதத்துக்குப் பதில்: உங்கள் வேண்டுகோள் கிடைத்தது, அடுத்த கிழமை வந்து கதையுங்கள், அதன் பிறகு பரிசீலிப்போம்.

பாடசாலையில் பிழை சொல்ல முடியாது. நான் அனுமதி கேட்டேன், அவர்கள் யோசிக்கிறோம் என்றார்கள். சட்டப்படி அங்கே கேட்க வேண்டிய அனுமதியே இல்லை. அறிவித்தால் போதும். பிள்ளை வழக்கமாக யாரோடு வசிக்கிறதோ அந்தப் பெற்றார், இன்ன நாளுக்குப் பிறகு வரமாட்டான், பாடசாலைக்கு வெளியே கல்வி பெறுவான் என்று எழுத்தில் அறிவித்தால், அந்த நாள் கடந்ததும் பாடசாலை பெயரை இடாப்பிலிருந்து எடுக்க வேண்டும். வேண்டுகோள் என்று எழுதியதால் பெயர் இடாப்பிலேயே கிடந்தது. கிடந்தால் ஒவ்வொரு நாளும் வரவில்லை என்று விழும்.

அங்கே ஒரு நாளை காலை, மாலை என்று இரண்டு அமர்வாக எண்ணுவார்கள். பத்துப் பாடசாலைக் கிழமைக்குள் அனுமதியில்லாத பத்து அமர்வு சேர்ந்தால் தண்டப்பணம் விதிப்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள். 2024 ஓகஸ்டிலிருந்து அது 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், 28 நாளுக்குள் என்றால் 160 பவுண். ஒவ்வொரு பெற்றாருக்கும் தனித்தனி. வெள்ளி பின்னேரம் எங்கள் கணக்கு எட்டில் நின்றது.

அன்றிரவு இரண்டாம் கடிதம் எழுதினேன். அதன் சாரம் இவ்வளவுதான்:

"அதிபர் அவர்களுக்கு. எனது மகன் (முழுப்பெயர், பிறந்த திகதி, வகுப்பு) இன்ன திகதிக்குப் பிறகு பாடசாலைக்கு வரமாட்டார் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி அவருடைய கல்விக்கு நானே பொறுப்பேற்று, பாடசாலைக்கு வெளியே வழங்குகிறேன். அவரது பெயரைச் சேர்வு இடாப்பிலிருந்து நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதிப்படுத்தவும். முந்திய கடிதத்துக்குப் பதிலாக இதை ஏற்கவும்."

காரணம் எழுதவில்லை. வயிற்றுவலியும் எழுதவில்லை. எழுதினால் அதைப் பற்றிக் கதைக்கக் கூப்பிடுவார்கள். தங்கச்சிக்கு மனம் கேட்கவில்லை, "அக்கா, கடைசியில நன்றி எண்டாவது போடுங்கோ" என்றாள். சரி, போட்டேன். நன்றி ஒன்றும் செய்யாது. "வேண்டுகிறேன்", "அனுமதி", "தயவுசெய்து பரிசீலிக்கவும்" ஆகிய மூன்றும்தான் கூடாது. மரியாதைக் குறைவாகப் படும், எனக்கும் பட்டது. அங்கே அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெயரில் இன்னொரு சிக்கல். நாங்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதுவோம். பாடசாலையில் சேர்த்தபோது கடவுச்சீட்டில் உள்ளபடி எது குடும்பப்பெயராகப் பதிந்திருக்கிறதோ, அதையே எழுதுங்கள். பாடசாலை அறிக்கைப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கெழுத்து பிரதி பண்ணினால் போதும்.

கையெழுத்து பெற்றாருடையதாக இருக்க வேண்டும், பெரியம்மாவுடையது செல்லாது. அனுப்பியதும் தாயின் மின்னஞ்சலிலிருந்துதான்.

எப்படி அனுப்புவது

பிடிஎவ் ஆக்கி, அதிபருக்கும் அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடிதத்தின் வாசகத்தை மின்னஞ்சலுக்குள்ளும் ஒட்டுங்கள், இணைப்பைத் திறக்காதவர்களும் இருக்கிறார்கள். கையொப்பம் வாங்கிக் கொடுக்கிற ரோயல் மெயில் தபாலில் ஒரு பிரதியும் போடலாம். பாடசாலைச் செயலி வழியாக அனுப்புவது எனக்குப் பிடிக்காது. ஆறு மாதத்துக்குப் பிறகு அதற்குள் ஒன்றைத் தேடி எடுக்க முடியுமா? வட்ஸ்அப்பில் வகுப்பாசிரியருக்குச் சொல்லிவிட்டேன் என்பது சொல்லாததற்குச் சமம்.

தவணை நடக்கும்போது அனுப்புவது நல்லது. விடுமுறையில் அனுப்ப வேண்டி வந்தால், தொடங்குகிற நாள் காலை தொலைபேசி எடுத்துக் கடிதம் கிடைத்ததா என்று கேளுங்கள்.

திங்கள் பின்னேரம் உறுதிப்படுத்தல் வந்தது. அந்த எட்டு அமர்வும் பதிவில் அப்படியே கிடக்கின்றன, தண்டம் வரவில்லை. அம்மாவுக்குச் சொன்னேன். "விடுகைப் பத்திரம் தந்தவையோ?" என்றுதான் கேட்டார். அப்படி ஒன்று அங்கே கிடையாது, அந்த ஒற்றை வரி மின்னஞ்சல்தான் என்றேன். அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை.

கவுன்சிலிலிருந்து கடிதம் வரும், பயப்படாதீர்கள்

பெயரை எடுத்ததும் பாடசாலை கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே சில கிழமையில் அங்கிருந்து ஒரு கடிதம் வரும்: என்ன படிப்பிக்கிறீர்கள், வந்து பார்க்கலாமா. வீட்டுக்குள் விடுவது உங்கள் விருப்பம். ஆனால் பதிலே போடாமல் விடுங்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கல்வி நடப்பதாகத் தெரியாவிட்டால் அதே 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 437ஆம் பிரிவின் கீழ் முறையான அறிவித்தல் வரும், பதினைந்து நாளுக்குக் குறையாத அவகாசம் தருவார்கள், அதிலும் திருப்தி இல்லையென்றால் பாடசாலைக்கு அனுப்பும் கட்டளைதான். இரண்டு பக்க அறிக்கை எழுதினால் வேலை முடிந்தது.

நாங்கள் எழுதியது: கணிதத்துக்கு எந்தப் புத்தகம், கிழமைக்கு எத்தனை நூல் நூலகத்தில் எடுக்கிறான், நீச்சல், மற்றது லண்டன் நேரம் காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மாவோடு வீடியோவில் தமிழ். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரையிலிருந்து ஐந்தரை மணியாக மாறுவதை அம்மா ஒருநாள் மறந்து, ஒரு மணித்தியாலம் முந்தியே அரிச்சுவடியோடு போனுக்கு முன்னால் குந்தியிருந்தார். அதை அறிக்கையில் எழுதவில்லை.

பிறகு சேர்த்தது

ஒருவர் கேட்டார்: இணையத்தில் எடுத்த மாதிரிக் கடிதத்தில் 2006ஆம் ஆண்டு மாணவர் பதிவு ஒழுங்குவிதி என்று இருக்கிறதே? அது பழசு. 2024 ஓகஸ்ட் 19இலிருந்து புதிய ஒழுங்குவிதிகள் நடைமுறையில் உள்ளன. பழைய இலக்கத்தைப் போடுவதைவிட இலக்கமே போடாமல் விடலாம். வீட்டுக்கல்விக்குப் பதிவேடு கொண்டுவருகிற சட்டமூலம் ஒன்றும் 2024 டிசம்பரில் அங்கே பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. ஆகவே அனுப்புகிற அன்று அரசாங்க இணையத்தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

இன்னொருவர் இதையே தமிழாக்கி இங்குள்ள அதிபரிடம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். இலங்கையில் 2016இலிருந்து ஐந்து முதல் பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி, இங்குள்ள ஒழுங்கு வேறு. முதலில் உங்கள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். அங்கே போகும்போது "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்" என்றே எழுதிக்கொண்டு போகலாம்.