மாத்திரை வாங்க வரும் நாளிலேயே கருப்பை வாய்ப் பரிசோதனை: ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) மையங்களுக்கான செயல்முறை

எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு அதிகம். நோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமியை எதிர்த்து வெளியேற்றும் ஆற்றல் அவர்கள் உடலில் குறைந்திருப்பதே இதற்குக் காரணம். பொதுவான அரசுப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. ஆனால் இவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஆகவே முதல் வேலையாக, மையத்தின் பதிவேட்டிலிருந்து 25 வயது நிறைந்த பெண்களைத் தனியே பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் கடைசியாக எப்போது பரிசோதனை நடந்தது என்பதைச் சிகிச்சை அட்டையில் குறிக்க வேண்டும்.

பரிசோதனை நாளைத் தீர்மானிப்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனியிலோ பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடத்திலோ வேலை செய்யும் பெண், மாத்திரை வாங்குவதற்கே ஒரு நாள் கூலியை இழந்து வருகிறார். அவரிடம் சீட்டு எழுதிக்கொடுத்து மகளிர் பிரிவுக்கு இன்னொரு நாள் போகச் சொன்னால், பெரும்பாலும் போகமாட்டார். அதை அலட்சியம் என்று சொல்வது நியாயமன்று. மாத்திரை வழங்கும் நாளிலேயே, அதே கட்டடத்தில், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும் மறைப்புள்ள ஓர் அறையும் இருக்குமாறு ஏற்பாடு செய்ய வேண்டும். எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை (கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) வசதி இருந்தால் மாதிரியைப் பெண்ணே தனியாக எடுத்துக்கொடுக்கலாம் என்பதால், கூச்சப்படுவோரும் எளிதில் இணங்குவர்.

சோதனையில் கிருமி இல்லையென்றால் 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் மறுபரிசோதனை போதும். கிருமி இருந்தால், கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது போன்ற இரண்டாம் சோதனையில் மாற்றம் தெரிகிறதா என்று அறிந்த பிறகே சிகிச்சை. மாற்றம் தெரியாத பெண்ணை 12 மாதத்தில் மீண்டும் அழைக்க வேண்டும். டி.என்.ஏ. வசதியே இல்லாத இடத்தில் அமிலச் சோதனையை 3 ஆண்டுக்கு ஒருமுறை செய்யலாம்.

மாற்றம் உள்ளவர்களில் தகுதியானவர்களுக்கு, மாற்றமடைந்த பகுதியை வெப்பத்தால் அழிக்கும் வெப்பச் சிகிச்சையை அன்றே முடித்துவிடுவது நல்லது. புற்றுநோய் என்று ஐயம் எழுந்தாலோ, மாற்றம் கருப்பை வாயின் உட்குழாய்க்குள் பரவியிருந்தாலோ அச்சிகிச்சையைச் செய்யாமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எந்த மருத்துவமனை என்பதை அந்தப் பெண்ணையே கேட்டு முடிவு செய்யுங்கள். சொந்த ஊரில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி வெளிமாவட்ட மையத்தில் பதிந்திருப்பவர்களும் உண்டு. இதே காரணத்தால், சம்மதம் பெறாமல் கிராம சுகாதார செவிலியரை வீட்டுக்கு அனுப்புவதும் கூடாது.

சிகிச்சைக்குப்பின் புண் ஆறும்வரை உடலுறவைத் தவிர்க்கவும், இயலாவிட்டால் ஆணுறையைக் கட்டாயம் பயன்படுத்தவும் ஆலோசகர் எடுத்துச்சொல்ல வேண்டும். 12 மாதம் கழித்து வரவேண்டிய பரிசோதனைத் தேதியை மாத்திரைத் தேதியுடன் சேர்த்தே அட்டையில் எழுதுங்கள். மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கப்பட்டவர் அங்கே போய்ச் சேர்ந்து சிகிச்சை பெற்றார் என்று உறுதியாகும்வரை அவர் பெயரைப் பதிவேட்டில் நிலுவையாகவே வைத்திருக்க வேண்டும்.