மவுஸ் கிளிக் வேலை செய்யவில்லையா? விண்டோ மேனேஜரில் கிராப் பிழையைப் பிடிப்பது எப்படி

சொந்தமாக விண்டோ மேனேஜர் (திரையில் ஜன்னல்களை நிர்வகிக்கும் நிரல்) எழுதத் தொடங்கினால் இது ஒருநாள் வந்தே தீரும். அம்புக்குறி நகரும், ஆனால் எங்கே கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது. உடனே ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். மவுஸை யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பது, திரையையும் மவுஸையும் கையாளும் எக்ஸ் சர்வருக்குத் தெரியும். அதனிடமே கேட்டுவிடலாம். (இங்கே சொல்வது லினக்ஸில் எக்ஸ்11 பற்றி மட்டும். அதற்கு மாற்றாக வந்த வேலாண்டின் அமைப்பே வேறு.)

"இனி மவுஸ் நிகழ்வுகள் எல்லாம் எனக்கே வரட்டும்" என்று ஒரு நிரல் சர்வரிடம் கேட்டு வாங்குவதுதான் கிராப். மெனு திறக்கவும் ஜன்னலை இழுக்கவும் அது வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதபோதுதான் சிக்கல்.

முதலில் விசைப்பலகை அமைப்பை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையால் 'கிராப்:பிரேக்_ஆக்சன்ஸ்' ஆப்ஷனைப் போடுங்கள். கிராப் விவரத்தை லாக்கில் எழுதும் விசையையும், கிராப்பை உடைக்கும் விசைகளையும் இது இயக்கிவிடும். அப்புறம் டெர்மினலில், 10 நொடி காத்திருந்து, விசை அழுத்தியதுபோல் நடிக்கும் எக்ஸ்டூடூல் வழியாக 'எக்ஸ்எஃப்86லாக்கிராப்இன்ஃபோ' விசையை அனுப்பும்படி ஒரு வரி எழுதி என்டர் தட்டுங்கள். அந்த 10 நொடிக்குள் பிழையை வரவழையுங்கள். சோதனை முடிந்ததும் ஆப்ஷனை மறக்காமல் எடுத்துவிடுங்கள். திரைப்பூட்டும் கிராப்பை நம்பித்தான் நிற்கிறது. இப்படிக் கிராப்பை உடைத்துத் திரைப்பூட்டைத் தாண்டிவிடலாம் என்பது 2012இல் பெரிய பாதுகாப்புப் பிரச்சினையாக வெடித்தது.

இப்போது எக்ஸ்ஆர்க் லாக் கோப்பின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். கிராப் வைத்திருக்கும் நிரலின் பிராசஸ் எண் அங்கே இருக்கும். அந்தப் பிராசஸை நிறுத்தினால் சர்வரே கிராப்பை விடுவித்துவிடும். ஆனால் அதே பகுதியில் இன்னும் இரண்டு சொற்களைக் கவனியுங்கள்: கிராப் 'ஆக்டிவ்' வழியில் (நிரல் நேரடியாகக் கேட்டு) வந்ததா 'பாசிவ்' வழியில் (முன்பே சொல்லிவைத்த பட்டனை அழுத்தியதும் தானாக) வந்ததா, சாதனம் 'ஃப்ரோசன்' (நிகழ்வுகள் நிறுத்திவைக்கப்பட்ட நிலை) ஆகியிருக்கிறதா.

பாசிவ், ஃப்ரோசன் என்று இரண்டும் சேர்ந்திருந்தால், கிளிக் செய்த ஜன்னலுக்கு ஃபோகஸ் தரும் பகுதியில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும். பாசிவ் கிராப் கேட்கும் எக்ஸ்கிராப்பட்டன் ஃபங்ஷனை 'சிங்க்' முறையில் அழைத்திருப்பீர்கள். பட்டனை அழுத்தியதும் சர்வர் மவுஸ் நிகழ்வுகளை நிறுத்திவைத்து, எக்ஸ்அலவ்ஈவன்ட்ஸ் அழைப்புக்காகக் காத்திருக்கும். விரலை எடுத்தால் பாசிவ் கிராப் தானாக விலகும்தான். ஆனால் விரலை எடுத்த அந்த நிகழ்வே வரிசையில் சிக்கி நிற்கிறதே! அதனால் பட்டன் நிகழ்வைக் கையாளும் ஃபங்ஷனை வரி வரியாகப் படியுங்கள். 'இந்த ஜன்னல் என் பட்டியலில் இல்லை, திரும்பு' என்று ஒரு ரிட்டர்ன் நடுவில் ஒளிந்திருக்கும். வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் 'ரீப்ளேபாயின்டர்' (நிறுத்திவைத்த கிளிக்கை உரிய ஜன்னலுக்கே அனுப்பு) என்று சொல்லி எக்ஸ்அலவ்ஈவன்ட்ஸை அழைத்தாக வேண்டும்.

ஆக்டிவ் என்றிருந்தால், கிராப்பை விடுவிக்கும் எக்ஸ்அன்கிராப்பாயின்டர் அழைப்பு எங்கே விடுபட்டது என்று தேடுங்கள். கிராப் செய்த ஜன்னல் இழுக்கும்போதே மூடப்பட்டால் சர்வர் தானாக விடுவித்துவிடும். ரூட் ஜன்னலில் (எல்லா ஜன்னல்களுக்கும் அடியில் திரை முழுக்க இருப்பது) கிராப் செய்திருந்தால் அப்படி நடக்காது, நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். அழைப்பு இருந்தும் பயனில்லையென்றால் நேரமுத்திரையைப் பாருங்கள். கிராப் செய்த நேரத்துக்கு முந்தைய நேரத்தைக் கொடுத்தால் சர்வர் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

திருத்தியதை நேரடியாக ஓட்ட வேண்டாம். ஒரு ஜன்னலுக்குள்ளேயே ஓடும் எக்ஸ் சர்வரான ஸெஃபிரைத் திறந்து அதற்குள் ஓட்டிப் பாருங்கள். மறுபடி பூட்டிக்கொண்டாலும் அந்த ஒரு ஜன்னலை மூடினால் போதும். டிபக்கரில் பிரேக்பாயின்ட் போடுவதற்கும் இதுதான் நல்ல இடம். உண்மையான டெஸ்க்டாப்பில் கிராப் நடுவே நிரல் நின்றுவிட்டால், டிபக்கர் ஜன்னலைக்கூடக் கிளிக் செய்ய முடியாது.