மாத நீச்சல் இலக்கு: நண்பர்களோடு சேர்ந்து வைப்பது எப்படி?

எடுத்த எடுப்பில் பத்து கிலோமீட்டர் என்று அறிவித்துவிடாதீர்கள். முதல் வாரம் இலக்கே வேண்டாம், எவ்வளவு நீந்த வருகிறது என்று மட்டும் பாருங்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 800 மீட்டர் என்றால் நான்கு வாரத்துக்கு 6.4 கிலோமீட்டர், அதனால் 7 என்று வைத்தால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், ஆனால் முடியும்.

ஆளுக்கு ஆள் இலக்கு வேறாக இருக்கட்டும். குழுவின் மொத்தத் தூரத்தைத்தான் சேர்ந்து துரத்த வேண்டும், அப்போதுதான் புதிதாக வந்தவரின் 300 மீட்டருக்கும் மதிப்பு இருக்கும்.

கணக்கு எப்போதும் மீட்டரில். சிங்கப்பூரில் 50 மீட்டர் பொதுக் குளம் என்றால், அதை 20 முறை கடந்தால் ஒரு கிலோமீட்டர். கொண்டோ (தனியார் அடுக்குமாடி வளாகம்) குளம் பெரும்பாலும் அதைவிடச் சிறியது, நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தை முழுதாக நம்ப வேண்டாம்: பலகையைப் பிடித்துக் கால் மட்டும் அடிக்கும்போது கை அசையாததால் பல கடிகாரங்கள் அந்தச் சுற்றை விட்டுவிடும். சுவரைத் தொடும்போதே எண்ணை மனதுக்குள் சொல்லிப் பழகுங்கள், அப்புறம் தலை துவட்டும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மறந்துபோகும். ஞாயிறு இரவு ஒருவர் எல்லாவற்றையும் கூகல் ஷீட்டில் ஏற்றினால் போதும்.

இங்கே மின்னல் வந்தால் எல்லாரையும் குளத்திலிருந்து ஏற்றிவிடுவார்கள். அதனால் மாதத்துக்கு இரண்டு நாளாவது உபரியாக வையுங்கள். டிசம்பர் மழைக்கு இலக்கையே குறைத்துக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை.