மொட்டை மாடியில் உங்கள் ஜென்ம நட்சத்திரத்தைத் தேடுவது எப்படி: மே மாத வார இறுதிக்கு ஒரு செய்முறை

மே மாதம் வந்தால் பகலில் வெளியே தலைகாட்ட முடிவதில்லை. நண்பர்கள் கூடினால் ஏசி போட்ட மால், இல்லையென்றால் சினிமா. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காற்று கொஞ்சம் இறங்கியதும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால், வருடத்திலேயே அருமையான வானங்களில் ஒன்று நமக்கு மேலே இருக்கிறது. நாம் இருக்கும் இடம் அப்படி. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வடக்கே துருவ நட்சத்திரத்தையும் தெற்கே தென் சிலுவையையும் ஒரே ராத்திரியில் பார்க்கலாம். லண்டனில் இருப்பவருக்குத் தென் சிலுவை கிடையாது, சிட்னியில் இருப்பவருக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது.

இன்னொரு விஷயம். நம்மில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தன் நட்சத்திரம் என்னவென்று தெரியும், கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டால் யோசிக்காமல் சொல்வோம், ஆனால் அதை வானத்தில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. டெலஸ்கோப் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. ஐந்தாறு பேரும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

முதலில் நாளைக் குறியுங்கள்

நிலா வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போய்விடும். அதனால் வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்துத் திதி பாருங்கள். தேய்பிறை அஷ்டமி தாண்டியதிலிருந்து வளர்பிறை திருதியை வரைக்கும் உள்ள சனிக்கிழமை எதுவானாலும் சரி. தேய்பிறை அஷ்டமிக்குப் பிறகு நிலா நள்ளிரவுக்கு மேல்தான் எழும், வளர்பிறை திருதியையில் ஒன்பது மணி வாக்கில் மறைந்துவிடும், அமாவாசையன்று தொல்லையே இல்லை.

இந்தப் பதிவில் சொல்லும் நேரங்கள் மே மாத நடுப்பகுதிக்கானவை. மே முதல் வாரத்தில் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், மாதக் கடைசி என்றால் ஒரு மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்கள் தினமும் நாலு நிமிடம் முன்னதாக எழுவதால் வரும் கணக்கு இது.

இடம்

சொந்த வீட்டு மாடி என்றால் பிரச்சினை இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பதினொரு மணிக்கு மாடியில் கூட்டமாக ஆள் நடமாட்டம் கேட்டால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள். தெற்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பது முக்கியம், ஏனென்றால் மே மாத வானத்தின் நல்ல சரக்கெல்லாம் தெற்கேதான்.

ஊரை விட்டு வெளியே போகலாம் என்றால் ஊருக்குத் தெற்கே போங்கள். வடக்கே போனால் நீங்கள் பார்க்கப் போகிற திசையில் ஊர் வெளிச்சம் மஞ்சளாகப் பரவி நிற்கும். தெற்கே போனால் அது முதுகுக்குப் பின்னால் போய்விடும். சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் தோதானது அதனால்தான். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் ஜவ்வாது மலை. காவலூர் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது; வைணு பாப்பு பெயரில் உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 முதல் இயங்குகிறது. தெற்கு வானம் நன்றாகத் தெரிவது அந்த இடத்துக்குப் பெரிய பலம், அதே வானம்தான் நமக்கும். வயல், காடு என்று போனால் காலில் செருப்பு அல்ல, ஷூ போடுங்கள், பாம்பு நடமாடும் காலம்.

சாயங்காலம் செய்ய வேண்டிய இரண்டு சின்ன வேலைகள்

நண்பர்களை ஆறு மணிக்கே வரச் சொல்லுங்கள். முதல் வேலை, மாடிக்கு இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றுவது. பகல் முழுக்கக் காய்ந்த தளம் ஒன்பது மணி வரைக்கும் சூடு விடும், அதன்மேல் படுக்கவே முடியாது. தண்ணீர் ஊற்றிவிட்டு, அது காய்வதற்குள் கீழே உட்கார்ந்து கைவேலை இரண்டையும் முடித்துவிடலாம்.

சிவப்பு டார்ச்: சாதாரண டார்ச்சின் முகப்பில் சிவப்பு நிறக் கண்ணாடித்தாளை, அதாவது பரிசுப்பொருள் சுற்றும் அந்தத் தாளை, மூன்று நாலு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டால் முடிந்தது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. மங்கலான சிவப்பு வெளிச்சம் அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. செல்போனில் ஸ்டெல்லேரியம் போன்ற செயலி வைத்திருந்தால் அதிலும் இரவுப் பயன்முறையைப் போட்டு, திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிடுங்கள். ஒருவர் போன் மட்டும் போதும், மற்ற போன்கள் கீழே இருக்கட்டும். வாட்ஸ்அப் பார்க்கிற ஒரு ஆள் இருந்தால் பக்கத்தில் இருக்கும் நாலு பேருக்கும் கண் போச்சு.

உயரம் அளக்கும் கருவி: ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியை எடுங்கள். அதன் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை செலோடேப் போட்டு ஒட்டுங்கள், அந்த நேர் விளிம்பின் நடுவில் உள்ள ஓட்டையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரா மேலே, வளைவு கீழே என்று பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். கருவி கிடைமட்டமாக இருக்கும்போது நூல் 90-இல் நிற்கும். மேலே சாய்க்கச் சாய்க்க நூல் நகரும், அது 90-இலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அதுதான் தொடுவானத்திலிருந்து நட்சத்திரத்தின் உயரம். நூல் ஆட்டம் நின்ற பிறகு, அதை விரலால் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே இறக்கிச் சிவப்பு டார்ச்சில் படியுங்கள். பார்ப்பவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்று ஜோடியாகச் செய்தால் இன்னும் சுலபம்.

சாப்பாட்டுக்கு நீர்மோரும் சுண்டலும் போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், பைனாகுலர் கண்ணாடியெல்லாம் விரல் பிசுக்காகிவிடும். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும் மாடி என்றால் விளிம்பிலிருந்து தள்ளியே பாயை விரியுங்கள், மேலே பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பது ஆபத்து.

எட்டரை மணி: வடக்கிலிருந்து ஆரம்பம்

கண் பழகும் நேரத்தில் கை அளவுகளைக் கற்றுக்கொள்ளுங்கள். கையை முழுசாக நீட்டி மடக்கிய முஷ்டி சுமார் 10 பாகை. நடு மூன்று விரல்கள் சேர்ந்தால் 5. சுண்டுவிரல் 1. குழந்தைகளுக்குக் கையும் சின்னது, முஷ்டியும் சின்னது என்பதால் அவர்களுக்கும் இதே கணக்கு சரியாக வரும்.

வடக்கே பார்த்து நின்றால் நடு உயரத்தில் ஏழு நட்சத்திரங்கள் கவிழ்த்து வைத்த அகப்பை மாதிரி தெரியும். சப்தரிஷி மண்டலம். வலது பக்கம் காம்பு, இடது பக்கம் குழி. காம்பில் நடுவில் இருப்பவர் வசிட்டர், அவரை ஒட்டி மங்கலாக இன்னொரு புள்ளி தெரிகிறதா? அதுதான் அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டிய அந்த அருந்ததியை இப்போது நிஜமாகப் பார்க்கலாம். தெரியாதவர்கள் பைனாகுலரில் பாருங்கள்.

குழியின் இடது ஓரத்து இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு கீழே இறங்கினால் துருவ நட்சத்திரம். பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், சுமாரான வெளிச்சம்தான். அதன் உயரத்தை அளந்தால் உங்கள் ஊரின் அட்சரேகை கிடைத்துவிடும்: சென்னையில் 13, கோவையில் 11, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. எல்லோரும் ஒரு முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர், அதனால் ஒரு பாகை தப்பினாலே சென்னைக்காரர் புதுச்சேரிப் பக்கம் நிற்பதாகக் கணக்கு வரும். கட்டடமோ தூசியோ மறைத்துத் துருவம் தெரியவில்லையா? பத்து மணி வரை பொறுங்கள், அதற்கும் வழி இருக்கிறது.

ஒன்பது மணி: ஜென்ம நட்சத்திர வேட்டை

இப்போது வடக்கே தலை, தெற்கே கால் என்று படுங்கள். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், தூங்கப் போவதில்லை என்று சொல்லிச் சமாளியுங்கள். இந்தக் கிடையில்தான் தெற்கு வானம் கண்ணுக்கு நேராக வரும்.

சப்தரிஷியின் காம்பு வளைகிற போக்கிலேயே வளைந்து வந்தால் கிழக்கே உயரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, அது சுவாதி. அதே வளைவைத் தொடர்ந்து தெற்கே வந்தால் நீலம் கலந்த வெள்ளையில் சித்திரை. சித்ரா பௌர்ணமியன்று நிலா இதன் பக்கத்தில்தான் இருக்கும். இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் மற்றவை எளிது.

சித்திரைக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேற்கே தள்ளி, கோணலான சின்ன நாற்கரமாக நிற்பது அஸ்தம். மேற்கே நல்ல உயரத்தில் தனியாகப் பளிச்சிடுவது மகம். மகத்துக்கும் சித்திரைக்கும் இடையில் சிம்ம ராசியின் பின்பகுதியாக வருபவை பூரமும் உத்திரமும். வடமேற்கே தாழ்வாக அருகருகே இரண்டு நட்சத்திரங்கள் தெரிந்தால் அது புனர்பூசம், அதைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள், பத்தரைக்குள் மறைந்துவிடும். புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் நடுவில் பூசம், ஆயில்யம். இரண்டுமே மங்கல், நகரத்தில் பைனாகுலர் தேவைப்படும்.

கிழக்குப் பக்கம் திரும்பினால் தென்கிழக்கில் விருச்சிகம் எழுந்துகொண்டிருக்கும். நேராக மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நின்றால் அனுஷம், அதற்குக் கீழே சிவந்து மினுங்குவது கேட்டை. இந்தச் சிவப்பு கற்பனை இல்லை, கேட்டை நம் சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகலமான, வெப்பம் குறைந்த நட்சத்திரம். கேட்டைக்கு மேலே, சித்திரைக்குப் போகும் வழியில் விசாகம். தேளின் கொடுக்கில் இருக்கும் மூலத்துக்குப் பத்தரை மணி வரையாவது காத்திருங்கள். திருவோணத்துக்காரர்கள் இன்னும் ஒரு மணி நேரம் விழித்திருந்தால் கிழக்கே அதுவும் வரும்.

கார்த்திகை, ரோகிணி, திருவாதிரைக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மே மாதத்தில் அந்தப் பக்கம் சூரியன் நிற்கிறது, அவர்களுடைய நட்சத்திரம் ராத்திரியில் தெரியாது. அவர்களுக்காக மார்கழியில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள்.

தென் சிலுவை

இந்த ராத்திரியின் ராஜா இதுதான். அஸ்தத்திலிருந்து நேர் தெற்கே நாலு முஷ்டி இறங்குங்கள். சென்னையில் தொடுவானத்திலிருந்து ஒன்றே முக்கால் முஷ்டி உயரத்தில், கன்னியாகுமரியில் இரண்டு முஷ்டிக்கு மேலே, நாலு நட்சத்திரங்கள் நிமிர்ந்த சிலுவையாக நிற்கும். மே நடுவில் ஒன்பது மணியளவில்தான் அது உச்சத்துக்கு வருகிறது, பதினொன்றுக்கு மேல் மேற்கே சாயத் தொடங்கிவிடும். 88 விண்மீன் குழுக்களில் இதுதான் ஆகச் சிறியது, நடு மூன்று விரலால் கிட்டத்தட்ட மறைத்துவிடலாம். புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: இதற்கு மேற்கே, இதைவிடப் பெரிதாக, மங்கலாக இன்னொரு சிலுவை இருக்கும். அது போலிச் சிலுவை. சரிபார்க்க எளிய வழி, சிலுவையின் இடது பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இருந்தால் அசல். அந்த இரண்டில் சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது ஆல்பா சென்டாரி, சூரியனை விட்டால் நமக்கு ஆக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பம், ஒளி வந்து சேர நாலு வருடத்துக்குச் சற்று மேல் ஆகிறது.

பத்து மணி: சித்திரை உச்சிக்கு வரும்போது

துருவம் தெரியாதவர்களுக்கான வழி இது. சித்திரை நேர் தெற்கே வந்து அதிகபட்ச உயரத்தை அடையும்போது அளந்து, அந்த எண்ணை 79-இலிருந்து கழியுங்கள். சென்னையில் 66 வரும், மிச்சம் 13. மதுரையில் 69, மிச்சம் 10. ஒன்பதே முக்காலிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதினால், ஏறி நின்று இறங்குவது காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

யாரிடமாவது 7x50 அல்லது 10x50 பைனாகுலர் இருந்தால் இதே நேரத்தில் இன்னொன்றையும் செய்யுங்கள். சித்திரையிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி. முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி அந்த இடத்தை மெதுவாகத் துழாவினால் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று வந்து நிற்கும். முதலில் லென்ஸில் மூச்சுப் பட்டுவிட்டது என்றுதான் நினைப்பீர்கள், துடைத்தாலும் போகாது. ஒமேகா சென்டாரி, சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் கொண்ட கொத்து, 17,000 ஒளி ஆண்டு தொலைவில் இருக்கிறது. நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் அது இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் மங்கலான வெளிச்சத்தைக் கண்ணின் ஓரப் பகுதிதான் நன்றாகப் பிடிக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலான ஊர்களில் இது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

மேகம் வந்து கெடுத்துவிட்டால் கலைந்து போகாதீர்கள், கோடை மேகம் பல நாட்களில் ஒரு மணி நேரத்தில் ஓடிவிடும். இடி மின்னல் என்றால் மட்டும் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

அளந்த எண்களை நோட்டில் எழுதி வையுங்கள், தேதி, மணி, ஊர் மூன்றும் சேர்த்து. அடுத்தது வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய சனிக்கிழமை: அன்று நட்சத்திரத்தை விட்டுவிட்டு, அதே பைனாகுலரில் பாதி நிலாவின் இருளும் ஒளியும் சேரும் கோட்டைப் பாருங்கள், பள்ளங்களின் நிழல் அங்கேதான் நீளமாக விழும்.