‘நமக்கு வராது’ என்ற நினைப்பை ஒரு நோட்டுப்புத்தகத்தால் மாற்றுவது எப்படி?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்து, இன்று சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் தேர்வில் பெரிதாகத் தேறாமல், பல ஆண்டுகளாக ஆப்பரேட்டர் வேலையிலேயே இருந்துகொண்டு, மேலே போக வேண்டும் என்ற ஆசையை வெளியில் சொல்லவும் கூச்சப்படுபவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மாலையில் பேருந்தை விட்டு இறங்கித் தேநீர்க் கடையில் உட்காரும்போது, “அதெல்லாம் நமக்கு வராதுங்க” என்ற சொல் அநேகமாக எல்லார் வாயிலும் வருகிறது. நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உற்சாகப் பேச்சாளர்களின் காணொளிகளைக் கேட்டதால் அந்த நினைப்பு ஒருநாளும் போனதில்லை. மறுநாள் வேலைக்குள் நுழைந்ததும் பழையபடி தலை கவிழ்ந்துவிடும். எனக்கு என்ன தெரியும் என்பதை என் கையெழுத்திலேயே நான் படித்துப் பார்த்த பிறகுதான் அது தளரத் தொடங்கியது.

ஆகையால் முதல் வேலை, ஒரு சிறிய நோட்டுப்புத்தகம் வாங்குவது. அன்றைய வேலையில் என்ன பழுது அல்லது சிக்கல் வந்தது, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள், அது சரியானதா என்ற மூன்றையும் அதில் எழுத வேண்டும். “இன்று நன்றாக வேலை செய்தேன்” என்ற வரியால் பயனில்லை, ஏனெனில் மூன்று மாதம் கழித்து அதைப் படிக்கும்போது அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. என் பழைய நோட்டில் உள்ள ஒரு பதிவை அப்படியே தருகிறேன்: “செவ்வாய், இரவு ஷிப்ட். மூன்றாம் கன்வேயர் அடிக்கடி நின்றது. சென்சார் கண்ணாடியைத் துடைத்தேன், சரியாகவில்லை. பிறகு பார்த்தால் தாங்கியின் திருகு தளர்ந்து, சென்சார் சற்றே சாய்ந்திருந்தது. நேராக்கி இறுக்கினேன். 20 நிமிடம். அடுத்த முறை துடைப்பதற்கு முன் திருகைப் பார்க்க வேண்டும்.” இதில் பெருமைப்படுவதற்கு எதுவும் இல்லை என்று அன்று நினைத்தேன். ஆனால் இப்படி எண்பது பதிவுகள் சேர்ந்தபோது, அந்த இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு என்பதை மறுக்க என்னாலேயே முடியவில்லை.

எப்போது எழுதுவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் வாழ்க்கை மாறும் என்று சொல்லப்படுவதை, இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வெளியே வருபவர் நம்பினால் உடம்புதான் கெடும். என் அம்மா விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களின் பட்டையைச் சீவிப் பால் எடுக்க நிரைக்குப் போனதற்குக் காரணம் மரத்திடம் இருந்தது: வெயில் ஏறுவதற்கு முன் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் பால் நன்றாக ஓடும், சூடு ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதுபோல் உங்கள் மனம் தெளிவாக இருக்கும் நேரம் எது என்று இரண்டு வாரம் கவனித்துப் பாருங்கள். எனக்கு அது பேருந்தில் வீடு திரும்பும் முதல் பத்து நிமிடம். அதற்குப் பிறகு தூக்கம் வந்துவிடும், எழுதியது எனக்கே புரியாது.

எவ்வளவு எழுதுவது, எவ்வளவு படிப்பது என்பதற்கும் அம்மாவின் கத்திதான் எனக்கு அளவு. பள்ளி விடுமுறையில் அவரோடு போயிருந்தபோது, கத்தி பட்டையின் மேல் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குவதையும், நூல் போன்ற சீவல் சுருண்டு காலடியில் விழுவதையும், வெள்ளைக் கோடு ஒன்று தோன்றி, பால் சேரும் கிண்ணமான மங்கு இருக்கும் பக்கம் நகர்வதையும் பார்த்துக்கொண்டே நிற்பேன். சீவல் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒருநாள் நான் கத்தியை வாங்கி ஆசையோடு அழுத்தி வெட்டினேன். “டேய், மரத்துக்கு வலிக்கும்டா, எலும்பத் தொடாத” என்று அம்மா கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். ஆழமாக வெட்டினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்படும். பிறகு வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வந்து, அந்த இடத்தில் மறுபடி சீராக வெட்டவே முடியாமல் போகும். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டுவதும் மரம் பாலை மீட்டுக்கொள்வதற்காகத்தான். புத்தாண்டுத் தீர்மானம் என்று தினமும் இரண்டு மணி நேரம் படிக்கத் தொடங்கி, மூன்றாம் வாரம் புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பாகிவிட்ட நண்பர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பதினைந்து நிமிடம் போதும். மழை நாளில் மரம் வெட்டுவதில்லை. அதுபோல் வீட்டில் காரியம், கோயில் திருவிழா, குழந்தைக்குக் காய்ச்சல் என்று விட்டுப்போகும் நாள்களும் கணக்கிலேயே இருக்கட்டும்.

அடுத்தது வாய் திறப்பது. ஒரு தொழிற்சாலையில் நான் கண்டுபிடித்த ஒரு திருத்தத்தைக் கூட்டத்தில் வேறொருவர் தன்னுடையதாகச் சொல்ல, நான் பேசாமல் நின்றேன். ஓராண்டு முழுவதும் அதையே சொல்லிப் புலம்பினேன். இப்போது யோசித்தால், அவர் செய்தது தவறு என்பது ஒருபுறம் இருக்க, மலாயில் இரண்டு வாக்கியம் கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது என்ற பயமே என்னைத் தடுத்தது என்று தெரிகிறது. இதற்கு வகுப்பு எதுவும் தேவைப்படவில்லை. நோட்டில் தமிழில் எழுதிய பதிவுக்குக் கீழே, வேலையிடத்தில் பேசும் மலாயிலும் ஒரு வரி எழுதத் தொடங்கினேன்: “ஸ்க்ரூ லொங்கார், சாயா டா கெத்தாட்கான்.” திருகு தளர்ந்திருந்தது, நான் இறுக்கிவிட்டேன், அவ்வளவுதான். சிக்கல், செய்தது, இனித் தேவைப்படுவது என்ற இதே வரிசையில் மூன்று வாக்கியங்களை மோட்டார் ஓட்டிக்கொண்டு வரும்போது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தலைக்கவசத்துக்குள் யாருக்கும் கேட்காது. பிறகு மேற்பார்வையாளர் தனியாக இருக்கும்போது அவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். கூட்டம் அதற்குப் பிறகு வரட்டும்.

இந்த நோட்டு மனத்தைத் தேற்றுவதோடு நின்றுவிட வேண்டியதில்லை. பிப்ரவரி 2025 முதல் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. இது நல்லதே. ஆயினும் நேற்று சேர்ந்தவரும் பத்தாண்டு அனுபவம் உள்ளவரும் சம்பளச் சீட்டில் நெருங்கி நிற்கும்போது, உங்கள் அனுபவத்தை வேறாகக் காட்ட ஒரு சான்று வேண்டும். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், ஒன்று முதல் மூன்று வரையிலான நிலைகளைக் கொண்டது. நான்காம் நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. இதைப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தும் பெறலாம், ஏற்கெனவே வேலையில் கற்றதை அங்கீகரிக்கும் ‘பிபிடி’ முறையிலும் பெறலாம். இரண்டாவது வழியை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அதில், உங்கள் தொழிலுக்கான தேசியத் தர அளவில் என்னென்ன வேலைகள் வரையறுக்கப்பட்டுள்ளனவோ, அவற்றை நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதைப் பரிசீலிப்பார்கள்.

ஆதாரம் என்றதும் பலர் மலைத்து நின்றுவிடுகிறார்கள். உங்கள் நோட்டு அதற்கு வழிகாட்டும்: எந்தத் தேதியில் எந்த இயந்திரத்தில் என்ன செய்தீர்கள் என்பது அதில் இருப்பதால், அந்த வேலைக்கான பணிப்படிவத்தை மேற்பார்வையாளரிடம் குறிப்பிட்டுக் கேட்க முடியும். நிறுவனத்தில் பெற்ற உள்பயிற்சிச் சான்றுகள், பணி உறுதிக் கடிதம் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். படம் எடுப்பதற்கு முன் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் பல தொழிற்சாலைகளில் கைப்பேசியே உள்ளே போகக் கூடாது. இயந்திர வரைபடங்கள், வாடிக்கையாளர் பெயர்கள் போன்ற நிறுவன இரகசியங்களை நோட்டில் எழுதவே வேண்டாம்.

கட்டணத்துக்குப் பணம் சேர்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கூட்டுக் கட்டுவது, அதாவது சீட்டுப் பிடிப்பது, நம்மிடையே பழகிய வழக்கம் என்றாலும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பிடித்தவர் ஊரை விட்டு ஓடிவிட்டால் முறையிடவும் முடியாது. மே 2024 முதல் சேமநிதிச் சந்தாவில் பத்து விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது. புதுக் கைப்பேசிக்காக அதைத் துடைத்து எடுக்காமல் விட்டுவைத்திருந்தால், கட்டணத்தில் ஒரு பகுதிக்காவது ஆகும்.

இன்னும் ஒன்று. தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்கு ஒரு கங்காணி இருந்தார். நோட்டுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பசியாறிய பிறகு, அந்த மாதப் பதிவுகளை மனைவியிடமோ தம்பியிடமோ உரக்கப் படித்துக் காட்டுங்கள். என் தம்பி முதல் மாதம் சிரித்தான். நான்காம் மாதம், “அண்ணே, இந்தப் பழுது போன மாசமும் வந்துச்சே, ஏன் வந்துக்கிட்டே இருக்கு?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் மூன்று மாதமாகக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் பராமரிப்புப் பிரிவில் போய்க் கேட்டபோது, அந்தத் தாங்கியின் அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருந்தது தெரிந்தது.

நோட்டு சட்டைப் பையில் அடங்கும் அளவில் இருக்கட்டும். பேனாவைவிடப் பென்சில் நல்லது. வியர்வை பட்டால் மை பரவிவிடுகிறது.