களத்திலேயே கிடக்கும் நெல்: கணினிக் கோப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியில் சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, நினைவஞ்சலி, கடைகளுக்கு பில் புக் என்று வேலை ஓடும். தை பிறந்துவிட்டால் சம்பா அறுவடையும் முகூர்த்தங்களும் சேர்ந்தே வரும். அப்போது டிசைன் வேலைக்கு ஒன்றிரண்டு பேரைப் புதிதாகச் சேர்ப்பேன். இந்தத் தடவை வந்த பெண் மூன்றாம் நாள் கூப்பிட்டு, "அண்ணே, இதுல எது கடைசி ஃபைல்?" என்று கேட்டாள். டவுன்லோட் ஃபோல்டரில் ஒரே பெயரில் நான்கு கோப்புகள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் நானே முடிவெடுத்து, ஒரு குடும்பத்தைக் கலங்கவைத்தவன் நான்.

டெஸ்க்டாப்பை நிரப்பாதீர்கள், தேவையில்லாததை அழியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண் இல்லாத பெயரை நம்புவது

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வேலை. 600 பத்திரிகை. அப்போது டைப் செய்து தரும் ஒருவர் வீட்டிலிருந்தே மெயிலில் பிடிஎஃப் அனுப்புவார். அவர் ஒரு பழைய பத்திரிகையை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். பழைய மேட்டரில் இருந்த 'தெய்வத்திரு' அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தாத்தா உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். வீட்டுக்காரர்கள் புரூஃபில் அதைப் பார்த்துச் சொன்னார்கள். திருத்தினோம். திருத்திய கோப்பும் அதே 'பத்திரிகை' என்ற பெயரில்தான் வந்தது. அதைத் திரையில் காட்டி, சரி என்று வாங்கிக்கொண்டோம்.

அச்சுத்தகடு (பிளேட்) போட அனுப்பும்போது ஃபோல்டரில் 'பத்திரிகை' என்று ஒன்றும், 'பத்திரிகை (1)' என்று ஒன்றும் இருந்தன. எண் இல்லாததுதான் அசல், எண் போட்டது ஏதோ நகல் என்று நினைத்து, அசலை அனுப்பிவிட்டேன்.

கட்டைப் பிரித்தது பெரியவர்தான். குலதெய்வத்துக்கு வைக்கும் முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவ உட்கார்ந்திருக்கிறார். விரலில் மஞ்சளோடு தன் பெயர் இருக்கும் வரியைத் தேடிப் பார்த்திருக்கிறார். மறுநாள் அந்தப் பத்திரிகையை அவர் மகன் என் மேஜை மேல் வைத்தார். மூன்று மூலையில் மஞ்சள் இருந்தது, நாலாவது மூலையில் இல்லை. 600 பத்திரிகையையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்த வீட்டிலிருந்து அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்தால், பிரவுசர் தானாக எந்தக் கோப்பின் மேலும் இன்னொன்றை எழுதாது. அதே பெயரில் இன்னொன்று வந்தால் (1), (2) என்று எண் போட்டு ஓரமாக வைக்கும். அதனால் எண் இல்லாததுதான் பெரும்பாலும் ஆகப் பழசு. நம் கண்ணுக்கோ அதுதான் அசல் மாதிரி தெரிகிறது.

சரி, பெரிய எண் உள்ளதுதான் புதுசு என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. பழைய 'பத்திரிகை'யை அழித்துவிட்டு 'பத்திரிகை (1)'ஐ வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது திருத்தம் வருகிறது. வெறும் பெயர் இப்போது காலியாக இருப்பதால் புதியது அந்தப் பெயரிலேயே வந்து உட்காரும். இப்போது எண் இல்லாததுதான் புதுசு.

தேதி வாரியாக அடுக்கினால் தெரிந்துவிடுமே என்பார்கள். மெயிலில் நேராக இறங்கியதற்குச் சரி. பென்டிரைவிலிருந்து காப்பி செய்த கோப்புக்கு விண்டோஸில் 'மாற்றிய தேதி' பழையதாகவே இருக்கும், 'உருவாக்கிய தேதி' மட்டும் இன்றையதாகிவிடும். ஜிப்பைப் பிரித்தாலும் உள்ளே இருந்த பழைய தேதிதான் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும். நேற்று திருத்தியது இன்று காலை இறங்கியதற்குக் கீழே போய்விடும்.

டவுன்லோட் ஃபோல்டரைக் களமாக நினைத்துக்கொள்ளுங்கள். கதிர் அங்கே வரும், அடிப்போம், தூற்றுவோம். அன்றைக்கே நெல் பத்தாயத்துக்குப் போய்விட வேண்டும், விதைநெல் தனியாக. களத்திலேயே குவித்துவைத்து, அங்கிருந்தே சமையலுக்கும் விதைக்கும் அள்ளுகிறவர் யாரும் இல்லை.

இப்போது ஆர்டர் எடுத்த கையோடு ஒரு ஃபோல்டர் போட்டுவிடுவோம். பெயரில் முதலில் வருஷம், அப்புறம் மாதம், தேதி, பிறகு ஊர், விசேஷம்: '2025-01-20 நீடாமங்கலம் கல்யாணம்' என்பது போல. தேதியை முதலில் எழுதினால் எல்லா மாதத்து 20ஆம் தேதியும் ஒன்றாகக் குவியும். வருஷம் முதலில் இருந்தால் தானாகவே வரிசையாக நிற்கும். சாய்கோட்டை (/) விண்டோஸ் ஏற்காது, சிறு கோடு (-) போடுங்கள். உள்ளே மூன்று அறை: வந்தது, வேலை, அச்சுக்கு. 'அச்சுக்கு' அறையில் எப்போதும் ஒரே ஒரு கோப்புதான். புதியது வந்தால் பழையது அங்கிருந்து வெளியேறிவிடும். பிரவுசர் செட்டிங்கில், ஒவ்வொரு கோப்பையும் இறக்கும் முன் எங்கே வைப்பது என்று கேட்கும் வசதியைப் போட்டுவைத்திருக்கிறேன். கேட்கும் அந்த நொடியிலேயே பெயரையும் மாற்றிவிடலாம். புரூஃபில் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 'திருத்தம் 2' என்று அடித்து, அந்தத் தாளிலேயே கையெழுத்து வாங்குகிறோம். பிளேட்டுக்குப் போகும் கோப்பிலும் அதே எண் இருக்க வேண்டும்.

'ஃபைனல்' என்று பெயர் வைப்பது

வைக்காதீர்கள். அதற்குப் பிறகும் திருத்தம் வரும்.

படத்தை டவுன்லோடிலிருந்தே பக்கத்தில் வைப்பது

பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் படத்தை வைத்தால் படம் பக்கத்துக்குள் வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் வருவது அது இருக்கும் இடத்தின் விலாசமும், பார்ப்பதற்கு ஒரு மங்கலான பிரதியும்தான். பிறகு யாராவது டவுன்லோட் ஃபோல்டரைச் சுத்தம் செய்தால் இணைப்பு அறுந்துவிடும். எச்சரிக்கை வரும், அவசரத்தில் தாண்டிவிடுவார்கள். அச்சில் பிள்ளையார் முகம் கட்டம் கட்டமாக விழும். முதலில் படத்தை வேலை ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், அப்புறம் பக்கத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் 'பேக்கேஜ்' கொடுத்தால் படம், எழுத்துரு எல்லாம் ஒரே இடத்தில் சேரும்.

ஜிப்புக்குள்ளேயே திறந்து திருத்துவது

முதலில் பிரியுங்கள். உள்ளேயே திறந்தால் நீங்கள் திருத்துவது தற்காலிகப் பிரதி.

தமிழ்ப் பெயரில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டுவது

'கொரடாச்சேரி' என்று தேடினோம், வரவில்லை. கோப்பு கண் முன்னால் இருந்தது. யூனிகோடில் 'கொ'வின் துணையெழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய பெயர்களில் இதை அதிகம் பார்க்கிறேன். ஒட்டாமல் ஒரே விசைப்பலகையில் நீங்களே டைப் செய்யுங்கள்.

கிளீனரிடம் விட்டுவிடுவது

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், வேண்டாத கோப்புகளை அழிக்கும் 'டிஸ்க் கிளீனப்' பட்டியலில் டவுன்லோட் ஃபோல்டரும் ஒரு வரியாகச் சேர்ந்தது. எப்போதும் எல்லாக் கட்டத்தையும் டிக் செய்து பழகியவர்கள் மொத்தத்தையும் இழந்தார்கள். 2020இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் விண்டோஸ் தானாகவே இடத்தைக் காலி செய்யும் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' வசதியில், இத்தனை நாள் திறக்காத டவுன்லோடுகளை அழி என்ற அமைப்பு இன்னும் இருக்கிறது. உங்கள் கணினியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

பென்டிரைவில் 'கட்' செய்வது

காப்பி மட்டும். பென்டிரைவில் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது.

பிறர் ஆவணத்தைத் தங்கவிடுவது

பிரின்ட் எடுக்க வருகிறவர்களின் ஆதார், சிட்டா, பாஸ்புக். அவர் படி இறங்குவதற்குள் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

பேக்கப்பை அதே அறையில் வைப்பது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது கடையின் தகரக் கூரை போய்விட்டது. கணினி மேஜை மேல் இருந்தது, பேக்கப் ஹார்டு டிஸ்க் அதன் கீழ் டிராயரில் இருந்தது. இரண்டும் ஒரே மழையில் நனைந்தன. இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று கடையில், இன்னொன்று தஞ்சாவூரில் அக்கா வீட்டு பீரோவில். மாதம் ஒரு தடவை பஸ்ஸில் போய் மாற்றி வைத்துவிட்டு வருகிறேன்.